மலர்ப் பள்ளத்தாக்கு: மே மாத விடுமுறையில் போகலாமா?

தாழம்பூ (மதுரை) — பிப்ரவரி 8

அனைவருக்கும் வணக்கம். உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கை என் அம்மாவுக்கும் மகளுக்கும் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறார், வலது முழங்காலில் தேய்மானம் தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் மூன்றாவது வாரத்தில் கிளம்பி, ஹரித்துவாரிலிருந்து ஐந்தே நாட்களில் பள்ளத்தாக்கையும் பத்ரிநாத்தையும் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். அம்மாவுக்குப் பூக்களைவிடப் பத்ரி நாராயணரே முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போய்வந்தவர்கள் இந்தத் திட்டம் சரிதானா என்று சொன்னால் ரயில் முன்பதிவுக்கு ஆயத்தமாவேன்.

பழைய செருப்பு (திருச்சி) — பிப்ரவரி 8

சகோதரி, நல்ல வேளையாக முன்பதிவுக்கு முன் கேட்டீர்கள். மே மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கு திறந்தே இருக்காது. வனத்துறை ஆண்டுதோறும் ஜூன் 1 அன்று வாயிலைத் திறந்து அக்டோபர் 31 அன்று மூடுகிறது. நான் நான்கு முறை போயிருக்கிறேன்; முதல் முறை உங்களைப் போலவே கோடைக் கணக்குப் போட்டு, ஜூன் முதல் வாரத்தில் பத்து வயது மகனை அழைத்துக்கொண்டு போனேன். பள்ளத்தாக்கு முழுவதும் பழுப்பு நிறத்தில் கிடந்தது. ஓடையின் மேல் அழுக்கேறிய பனிக்கட்டி பாலம்போல் நின்றது. அதன் ஓரத்தில், பனி விலகிய ஈர மண்ணில், விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்புத் தளிர்கள் மட்டும் முளைத்திருந்தன. "அப்பா, பூ எங்கே?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

"கோடை" என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. நமக்குக் கோடை என்றால் சித்திரை, வைகாசி, கத்திரி வெயில், மாம்பழம். 3,300 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்தப் புல்வெளியிலோ வைகாசியில்தான் பனியே இளகத் தொடங்குகிறது. பனி உருகிய ஈரத்தின் மேல் பருவமழை விழுந்த பிறகே செடிகள் வேகம் பிடிக்கின்றன. ஆண்டில் ஏழெட்டு மாதம் பனிக்கடியில் கிடக்கும் செடி, முளைப்பது, பூப்பது, விதைப்பது எல்லாவற்றையும் எஞ்சிய நான்கு மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை எல்லாம் முண்டியடித்துக்கொண்டு பூக்கின்றன. அந்த ஆறு வாரமும் மழை வலுக்கும் காலம். எனவே அங்கே பூ பார்க்கப் போகிறவர் மழைக்கு ஆயத்தமாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்து நாள் என்பதும் போதாது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

காட்டுப்பூவரசு (உதகை) — பிப்ரவரி 9

மேலே நண்பர் சொன்ன காலக்கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஜூனில் பூ இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது என்பது தாவரவியல் ஆசிரியன் என்ற முறையில் என் கருத்து. ஜூன் பிற்பாதியில் பனி விலகிய விளிம்புகளில் பிரிமுலா, அனிமோனி, சதுப்பு ஓரங்களில் மஞ்சள் நிறச் சாமந்தி போன்ற கால்தா ஆகியவை பூத்துவிடுகின்றன. அவையெல்லாம் தரையோடு ஒட்டிய சிறு செடிகள். குனிந்து, மண்டியிட்டுப் பார்ப்பவருக்கு அவை விருந்து. கம்பளம் விரித்தாற்போல் எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம்.

ஆகவே எந்த மாதம் நல்லது என்று கேட்பதற்கு முன் எந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூலை நடுவில் நீல ஜெரேனியமும், மஞ்சளும் செம்மையுமான பொட்டென்டில்லாவும், தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூத்து இலையோரமெங்கும் முள் வைத்திருக்கும் மொரினாவும் வந்துவிடும். நீலப் பாப்பி பாறை இடுக்குகளில் தனித்தனியாக நிற்கும். அதன் தண்டிலும் இலையிலும் முள் உண்டு, இதழோ ஈரப் பட்டுத்துணிபோல் இருக்கும். ஆகஸ்டில் ஆள் உயரத்துக்கு வளரும் இம்பேஷன்ஸ் சரிவுகளை இளஞ்சிவப்பாக்கிவிடும். அது வேறு யாருமில்லை, நம் வீட்டு வாசலில் நிற்கும் காசித்தும்பையின் உறவுதான். முற்றிய காயை உங்கள் மகள் விரல் நுனியால் தொட்டுப் பார்க்கட்டும். பட்டென்று சுருண்டு விதையைத் தெறிக்கும், காசித்தும்பைக் காய் செய்வதைப் போலவே. புஷ்பவதி ஆற்றின் கூழாங்கல் கரையில் எபிலோபியம் ஊதா நிறத்தில் படர்ந்திருக்கும். அந்த இடம் வரை நடந்து போகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் முதல் புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

புல்வெளிக்கு முன்னால் வரும் காட்டையும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பூர்ஜ மரங்களின் பட்டை காகிதம்போல் உரிந்து தொங்குவதையும், அவற்றின் நிழலில் படமெடுத்த பாம்பைப் போல் நிற்கும் அரிசீமாவையும் காணலாம். அரிசீமா நம் சேனை, சேம்பு, கருணை ஆகியவற்றின் குடும்பம். இத்தனை தொலைவு வந்து சேனைக்கிழங்கின் சொந்தக்காரரைப் பார்ப்பதா என்று என் மனைவி கேட்டார். ஆனால் அதிக நேரம் நின்று பார்த்தவரும் அவர்தான்.

டேராடூன் தமிழன் — பிப்ரவரி 9

பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். பூவைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள்; நான் சாலையைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று அலக்நந்தா ஆற்றின் ஓரமாகவே ஏறிச் செல்லும் பாதை. நல்ல நாளில் பத்து மணி நேரம். மழை நாளில் கணக்கே கிடையாது. ஸ்ரீநகருக்கும் ருத்திரப்பிரயாகைக்கும் நடுவே சிரோபகட் என்ற இடத்திலும், பாண்டுகேஷ்வரைத் தாண்டி லாம்பகட் அருகிலும் மலை ஆண்டுக்கணக்காகச் சரிந்துகொண்டே இருக்கிறது. மண் விழுந்தால் இயந்திரம் வந்து வழிக்கும் வரை வரிசையில் நிற்க வேண்டியதுதான். அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு பகலும் ஆகலாம். மலைச்சாலையில் இரவு ஓட்டத்துக்கு அனுமதி இல்லாததால், மாலையில் மாட்டிக்கொண்டவர் வழியில் உள்ள ஊரில் கிடைக்கிற அறையில் தங்கத்தான் வேண்டும். காலை ஐந்து மணிக்கு ரிஷிகேஷைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஓட்டுநர் ஏழு மணிக்குப் போகலாம் என்பார், கேட்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி காவடி யாத்திரை. குரு பூர்ணிமாவுக்கு மறுநாளிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம், கங்கை நீர் எடுத்துச் செல்ல வட இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் ஹரித்துவாருக்கு வருவார்கள். அந்த நாட்களில் தில்லி–ஹரித்துவார் சாலை திருப்பிவிடப்படும், அறை கிடைக்காது, கிடைத்தாலும் வண்டி அதுவரை போகாது. பஞ்சாங்கத்தில் குரு பூர்ணிமாவைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் தில்லியிலிருந்து டேராடூனுக்கு விமானத்தில் வந்து, ஹரித்துவாரைத் தொடாமல் ரிஷிகேஷ் வழியே மேலேறலாம்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் வாரத்தைச் சொல்வேன். மழை தணியத் தொடங்கும், மேகம் விலகினால் பனிமலை தெரியும், கூட்டமும் இராது.

பழைய செருப்பு — பிப்ரவரி 10

செப்டம்பரைப் பற்றி டேராடூன் நண்பரோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. மூன்றாம் முறை நான் செப்டம்பர் ஏழாம் தேதி உள்ளே நடந்தேன். வானம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சரிவுகள் பச்சையிலிருந்து செம்பழுப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. காசித்தும்பையின் காய்கள் வெடித்து முடிந்திருந்தன. ஜெண்டியன்களும் ஆஸ்டர்களும் ஆங்காங்கே தெரிந்தன. மலையைப் பார்க்க அது நல்ல காலம், மலரைப் பார்க்க இரண்டு வாரம் பிந்திய காலம். சகோதரி முதல் முறை போகிறார். இரண்டாம் முறை வாய்க்குமோ என்னவோ. என் கருத்தில் அவருக்கு ஏற்றது ஆகஸ்டு 17க்குப் பிறகு வரும் பத்து நாட்கள். சுதந்திர நாளை ஒட்டிய நெரிசல் ஓய்ந்திருக்கும், காவடிக் கூட்டமும் கலைந்திருக்கும், பள்ளத்தாக்குக்கு அருகே உயரத்தில் இருக்கும் சீக்கியர்களின் புனித ஏரியான ஹேம்குண்டில் பிரம்ம கமலமும் பூத்திருக்கும்.

இப்போது நாள் கணக்கு. முதல் நாள் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட். அது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம், உடல் பழக அங்கே ஓர் இரவு தங்குவது நல்லது. இரண்டாம் நாள் கோவிந்த்காட் வரை வண்டி, அங்கிருந்து புல்னா வரை நான்கு கிலோமீட்டர் பகிர்வு ஜீப், பிறகு ஒன்பது பத்துக் கிலோமீட்டர் நடந்து காங்கரியா. சாலை இல்லாத ஊர் அது. 3,050 மீட்டர் உயரம். விடுதிகளும் குருத்வாராவும் கோவேறு கழுதைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒற்றைத் தெரு. மூன்றாம் நாள் பள்ளத்தாக்கு. நான்காம் நாள் ஹேம்குண்ட், அல்லது மீண்டும் பள்ளத்தாக்கு. ஐந்தாம் நாள் இறங்கி, கோவிந்த்காட்டிலிருந்து 25 கிலோமீட்டரில் இருக்கும் பத்ரிநாத்தில் இரவு தங்கல். ஆறாம் நாள் காலை தரிசனம், பிறகு ஜோஷிமட் அல்லது அதற்குக் கீழே ஏதாவது ஓர் ஊர். ஏழாம் நாள் ரிஷிகேஷ். இதற்கு மேல் இரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு நாளின் அருமை எனக்குத் தெரிந்த விதம் இது. இரண்டாம் முறை திரும்பும்போது சிரோபகட்டுக்கு முன்னால் பதினோரு மணி நேரம் நின்றோம். பின்னால் நின்ற லாரி ஓட்டுநர் அடுப்பைப் பற்றவைத்துச் சப்பாத்தி சுட்டு எங்களுக்கும் கொடுத்தார். நாங்கள் ஹரித்துவார் நிலையத்தை அடைந்தபோது எங்கள் வண்டி போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அதைப் பிடித்து ஏற வேண்டிய தில்லி–சென்னை ரயிலும் அதோடு போயிற்று. மூன்று பேருக்கு விமானச் சீட்டு வாங்கிய தொகையை இன்றும் என் மனைவி சொல்லிக்காட்டுகிறார்.

தாழம்பூ — பிப்ரவரி 10

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. மே மாதத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். மகளுக்குப் பள்ளியில் பத்து நாள் விடுப்புக் கேட்க வேண்டும், கேட்கலாம். ஆனால் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. முழங்கால் வலி உள்ள என் அம்மா இவ்வளவு நடக்க முடியுமா? ஹேம்குண்ட் போகாவிட்டால் பெரிய இழப்பா? பிரம்ம கமலம் எங்கள் மாடியிலேயே தொட்டியில் இருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு மூன்று பூ இரவில் பூக்கிறது என்பதால் அதற்காக ஏற வேண்டுமா என்றும் யோசிக்கிறேன்.

காட்டுப்பூவரசு — பிப்ரவரி 11

முதலில் அந்தத் தொட்டிச் செடியின் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனெனில் தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளில் இதே பெயர்தான் வழங்குகிறது. உங்கள் மாடியில் இரவில் பூத்து விடிவதற்குள் வாடும் வெள்ளைப் பூ எபிஃபில்லம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி வகை. நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். இமயத்தின் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சாசூரியா. நாம் இதழ் என்று நினைக்கும் வெளிர்மஞ்சள் பச்சைப் பகுதி உண்மையில் தாள்போன்ற பூவடிச் செதில். குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் காக்க அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிந்து கிண்ணம்போல் நிற்க, உள்ளே கருஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக அமர்ந்திருக்கும். விலக்கிப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் விலக்காதீர்கள். பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உத்தராகண்டின் மாநில மலர் இதுதான், நமக்குச் செங்காந்தள்போல்.

அது பள்ளத்தாக்கின் நடைபாதையோரம் எளிதில் கிடைப்பதில்லை. இன்னும் உயரம் வேண்டும். ஹேம்குண்ட் பாதையின் கடைசிப் பகுதியிலும் ஏரியைச் சுற்றிய பாறைச் சரிவுகளிலும் ஆகஸ்டு, செப்டம்பரில் பாதையில் நின்றபடியே பார்க்கலாம்.

வைகைக்கரை (தேனி) — பிப்ரவரி 11

தம்பிமார்கள் பூவின் பெயரையெல்லாம் அழகாக எழுதுகிறார்கள். முழங்காலைப் பற்றி எழுத நானே தகுதியானவன். 66 வயதில், இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டிக்கொண்டு போய்வந்தேன்.

அம்மா, உங்கள் தாயார் புல்னாவிலிருந்து காங்கரியா வரை கோவேறு கழுதையில் போகலாம். நிர்ணயித்த கட்டணத்துக்குச் சீட்டு கொடுக்கும் இடம் இருக்கிறது, அங்கே கட்டிவிட்டால் பேரம் பேசும் தொல்லை இல்லை. வானம் தெளிவாக இருந்தால் கோவிந்த்காட்டிலிருந்து ஹெலிகாப்டரும் உண்டு. மழைக்காலத்தில் அதை நம்பி நாள் குறிக்கக் கூடாது. ஹேம்குண்டுக்கும் கழுதை போகும். பள்ளத்தாக்குக்குள் மட்டும் விலங்குகளுக்கு அனுமதி இல்லை. அங்கே நடக்க இயலாதவர்களை முதுகில் கட்டிய கூடையில் உட்கார வைத்துத் தூக்கிச் செல்லும் ஆட்கள் காங்கரியாவில் கிடைப்பார்கள், கண்டி என்பார்கள். என்னைத் தூக்கிய பையன் நேபாளத்திலிருந்து வந்தவன். கூடையில் பின்புறம் பார்த்து உட்கார வேண்டும் என்பதால் போகிற வழி எனக்குத் தெரியவில்லை, வந்த வழிதான் தெரிந்தது. ஒரு மனிதன் முதுகில் ஏறிப் போவது முதல் அரை மணி நேரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. செங்குத்தான வளைவுகள் முடிந்து தரை சமமானதும் இறங்கி, கைத்தடியை ஊன்றி நானே நடந்தேன். உங்கள் தாயாரும் அப்படிச் செய்யலாம். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே எதிரி. மழையில் நனைந்த கல்லில் வழுக்கும். இரண்டு கைத்தடி வாங்கிக்கொடுங்கள், ஒன்று போதாது.

ஹேம்குண்ட் வேறு கதை. ஆறு கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏரி இருப்பதோ நான்காயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில். கழுதையில் ஏறினாலும் மூச்சு முட்டும். எனக்குத் தலைவலி வந்து, குருத்வாராவில் கொடுத்த சூடான தேநீரும் கிச்சடியும் உள்ளே போன பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. உயரத்துக்கான மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தாமே போட்டுக்கொள்வதும் கூடாது.

டேராடூன் தமிழன் — பிப்ரவரி 11

வைகைக்கரை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் இவை வந்தால் "இன்னும் கொஞ்சம்தானே" என்று ஏறக் கூடாது, இறங்குவதுதான் மருந்து. ஹேம்குண்டில் யாரையும் இரவு தங்கவிடுவதில்லை, பிற்பகலுக்குள் இறக்கிவிடுவார்கள். பள்ளத்தாக்கிலும் அப்படியே: காலை ஏழு மணிக்கு வாயில் திறக்கும், மாலை ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. பலத்த மழைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் வாயிலைத் திறக்கவே மாட்டார்கள். கையில் இருக்கும் அந்த இரண்டு நாள் இதற்கும் உதவும்.

நடைவழி (சென்னை) — பிப்ரவரி 12

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நானும் சென்ற ஆண்டு ஆகஸ்டில் போனேன். படங்களில் பார்த்த மலர்க் கம்பளம் அங்கே இல்லை என்பதை யாராவது சொல்ல வேண்டும். பல இடங்களில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரே வகைப் புதர்தான் இடுப்புக்கு மேல் மண்டிக் கிடந்தது. ஆடு மாடுகளை உள்ளே விடாததால்தான் இப்படி ஆயிற்று என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

காட்டுப்பூவரசு — பிப்ரவரி 12

பாதி உண்மை என்பதே என் எண்ணம். நீங்கள் பார்த்தது பாலிகோனம். 1982இல் தேசியப் பூங்காவாக அறிவித்ததை ஒட்டி மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் கோடைதோறும் மந்தைகள் அந்தப் புல்வெளிக்கு ஏறிவந்தன. மந்தை மிதித்தும் கடித்தும் உயரமான செடிகளைக் கட்டுக்குள் வைத்திருந்தது, அது போனதும் பாலிகோனம் மற்றவற்றை நிழலில் அமுக்கிவிட்டது என்பது ஒரு தரப்பு. மண் சரிந்த இடத்திலும் பழைய பட்டி நிலத்திலும்தான் அது முதலில் பிடிக்கிறது, ஆகவே மேய்ச்சலே அதற்கு வழி செய்தது என்பது மறுதரப்பு. வனத்துறை ஆண்டுதோறும் ஆள் வைத்து அதைப் பிடுங்கிவருகிறது. பூங்காவின் பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். நாம் நடக்கும் பாதையோ அதில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் ஓரத்தை வைத்து முழுப் பள்ளத்தாக்கையும் எடைபோட நான் தயங்குவேன்.

படங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒளிப்படக்காரர் தரையில் படுத்து, முன்னால் இருக்கும் நாற்பது பூக்களை வைத்து எடுத்த படம் கம்பளம்போல் தெரியும். நின்று பார்த்தால் பச்சைக்கு நடுவே தூவிய நிறங்கள்தான். இரண்டாம் நாளும் அதே இடத்துக்குப் போகிறவருக்குக் கண் பழகிவிடும். முதல் நாள் நான் முப்பது வகை எண்ணினேன்; மறுநாள் அதே பாதையில் எழுபதைத் தாண்டியது.

ஆகவே தாழம்பூ அவர்களுக்கு என் ஆலோசனை, அம்மா ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் நான்காம் நாளையும் பள்ளத்தாக்குக்கே கொடுங்கள் என்பதுதான். அப்படிப் போனால் ஜோன் மார்கரெட் லெகியின் கல்லறை வரை நடங்கள். 1931இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத்தின் குழு வழி மாறி இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஸ்மைத் 1937இல் மீண்டும் வந்து பூக்களைச் சேகரித்து, அடுத்த ஆண்டு ஒரு நூலும் எழுதினார். அதன்பின் செடிகளைச் சேகரிக்க 1939இல் வந்த லெகி, பாறையில் சறுக்கி விழுந்து இறந்தார். கல்லறைக் கல்லில் விவிலியத்தின் 121ஆம் சங்கீதத்தின் முதல் வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் போன நாளில் யாரோ ஒருவர் பறித்த ஜெரேனியம் கொத்து அதன் மேல் கிடந்தது. தேசியப் பூங்காவில் பூப் பறிப்பது குற்றம் என்றாலும் அதைப் பார்த்துக் கோபம் வரவில்லை.

பழைய செருப்பு — பிப்ரவரி 13

தாயாருக்குப் பத்ரிதான் முக்கியம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. இந்தச் சாலையே அவருக்கு விருந்தாகும் என்று சொல்லுங்கள். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி ஜோஷிமட்தான் என்பது வைணவ மரபு. நரசிங்கர் கோயில் அங்கே இருக்கிறது. வதரி பத்ரிநாத். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் தேவப்பிரயாகை. போகிற வழியிலேயே மூன்று திவ்விய தேசங்கள் வந்துவிடுகின்றன. மழைக்காலத்தில் பத்ரியில் கூட்டமும் மே, ஜூனை விடக் குறைவு. யாத்திரைப் பதிவை மட்டும் மாநில அரசின் தளத்தில் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியதில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், மற்றவை எல்லோருக்கும் தெரியும். குடை வேண்டாம்; காற்றில் பயன்படாது. முழங்காலுக்குக் கீழே வரும் மழை அங்கி ஆளுக்கு ஒன்று, முதுகுப் பைக்குள்ளே துணிகளைச் சுற்ற கெட்டியான பிளாஸ்டிக் பை. காங்கரியாவில் எதுவும் காயாது. இரவில் செருப்புக்கடைப் பழக்கம்போல் காலணிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நடுராத்திரியில் ஒரு முறை மாற்றினால் காலையில் போடும்படி இருக்கும். நான் மதுரைப் பதிப்பு நாளிதழ் நான்கைக் கொண்டுபோய், படித்துவிட்டுத் திணித்தேன்.

வைகைக்கரை — பிப்ரவரி 13

மே விடுமுறை வீணாகிறதே என்று பேத்தி முகம் வாடினால், சிக்கிமில் லாச்சுங் பக்கம் யும்தாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே ரோடோடென்ட்ரான் பூக்கும். வண்டியிலேயே போகலாம், முழங்காலுக்கு வேலை இல்லை. அனுமதிச் சீட்டு மட்டும் வேண்டும். மழை தொடங்கினால் அந்தச் சாலையும் மோசந்தான். உதகை ஆசிரியர் தம் பெயராக வைத்திருக்கும் காட்டுப்பூவரசின் சொந்தங்கள்தானே அவை?

காட்டுப்பூவரசு — பிப்ரவரி 13

ஆம் ஐயா, சொந்தங்களே. நீலகிரிச் சோலையோரத்தில் நிற்பது அந்தக் குடும்பத்தின் தெற்குக் கிளை.

தாழம்பூ — பிப்ரவரி 16

மருத்துவரிடம் போய்வந்தோம். காங்கரியா வரை போகலாம், பள்ளத்தாக்கில் இயன்ற வரை நடக்கலாம், ஹேம்குண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே ஆகஸ்டு 19 அன்று ரிஷிகேஷிலிருந்து கிளம்புகிறோம். ஜோஷிமட்டில் ஓர் இரவு, காங்கரியாவில் மூன்று இரவு, பத்ரியில் ஓர் இரவு, கையில் இரண்டு நாள். பள்ளத்தாக்குக்கு இரண்டு நாளும் போகிறோம். இரண்டாம் நாள் அம்மாவுக்கு அலுப்பாக இருந்தால் அவர் அறையில் ஓய்வெடுப்பார், நானும் மகளும் ஆற்றங்கரை வரை நடப்போம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் ஜூன் நடுவில் ஒரு நாளைச் சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

பிரம்ம கமலம் பற்றிய செய்தியை அம்மாவிடம் சொன்னபோது, மாடித் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினைந்து வருஷமாக இது பூக்கிற ராத்திரியெல்லாம் தெருவையே கூப்பிட்டுக் கற்பூரம் காட்டியிருக்கிறேன், இனிமேல் என்ன சொல்லிக் கூப்பிடுவது?" என்று கேட்டார். நிஷாகந்தி என்று சொல்லலாம் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு கடைசிக் கேள்வி: கோவேறு கழுதையில் புடவையோடு உட்கார முடியுமா?

வைகைக்கரை — பிப்ரவரி 16

முடியாது. சுடிதார் தைத்துக் கொடுங்கள்; இப்போதே தைத்தால் ஆகஸ்டுக்குள் பழகிவிடும்.